ஒரு வரி போதும்

ஐந்தாவது ஆளுக்கும் அதே கேள்விதான். வீட்டம்மாவா, அப்பாவா என்பதை மட்டும் மாற்றினாள்.

"ஐயா, வீட்டம்மா எப்படி இருக்காங்க? குழுவுல ஒரு வரி போட்டாப் போதும்."

அனுப்பிவிட்டுக் கைப்பேசியை மடியில் போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்த வேலை. சலித்துப்போயிருந்தது.

பக்கவாதம் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான வாட்ஸ்அப் குழு. முந்நூற்றுப் பதினொரு பேர். எழுதுகிறவர்கள் இருபது பேர் தேறினால் அதிகம். மற்றவர்கள் படிப்பார்கள். படித்துவிட்டுக் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள்.

காலையில் ஆளுக்கொரு வரி. நேற்றைவிட இன்று என்ன, அவ்வளவுதான். இரண்டு இட்லி சாப்பிட்டார். தானாகப் புரண்டு படுத்தார். பேத்தி பெயரைச் சொன்னார். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே அவள்தான்.

பேசாதவர்களைப் பேசவைக்க அவள் செய்யாதது இல்லை. சுலபமான கேள்வியாகக் கேட்டாள். எழுத வராவிட்டால் குரலில் சொல்லுங்கள் என்றாள். கட்டைவிரல் படம் போட்டவர்களைக்கூடப் பெயர் சொல்லிப் பாராட்டினாள். யாரும் பிடி கொடுக்கவில்லை.

அவளோடு சேர்ந்து குழுவை நடத்தும் பிசியோதெரபிஸ்ட் சுகிர்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஆறு மாதமாக மூச்சு விடாதவர்களை இன்றோடு குழுவிலிருந்து எடுத்துவிடலாம் அக்கா, சும்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டிருந்தாள்.

சரி என்றுதான் இவளும் சொன்னாள். சொல்லும்போதே உள்ளுக்குள் கூசியது.

இவள் கணவர் இறந்து நாற்பத்து மூன்று நாள்.

குழுவில் யாருக்கும் தெரியாது. சுகிர்தாவுக்கும் தெரியாது. அவள் ஈரோடு, இவள் கரூர். எல்லாம் போனில்தான்.

மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. எப்படிச் சொல்வது? புதிதாக வருகிற யாருக்கும் முதலில் காட்டுவது அவருடைய வீடியோவைத்தான். வராத இடது கையால் எவர்சில்வர் டம்ளரை மெல்லத் தூக்கி, சிந்தாமல் கீழே வைப்பார். பதினெட்டு விநாடி. அதைப் பார்த்துவிட்டுத் தர்மபுரியிலிருந்து ஒரு பெண், எங்க அப்பாவுக்கும் கை வரும்தானே அக்கா என்று கேட்டாள். வரும் என்று இவள் எழுதினாள்.

காரியம் முடிந்த மறுநாள் யாரோ, சார் எப்படி இருக்கார் என்று விசாரித்தார்கள். பரவாயில்லை என்று எழுதிவிட்டாள். பதினாறு பேர் கைகூப்பினார்கள். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

இன்னொன்றும் உண்டு. சொல்லிவிட்டால் அந்தக் குழுவில் அவளுக்கு என்ன வேலை? அதையும் விட்டால் காலையில் அவளைத் தேட யாருமில்லை.

கைப்பேசி அதிர்ந்தது.

காங்கேயம் நாச்சிமுத்து. கடைசியாகக் கேட்டது அவரிடம்தான். சேர்ந்து பதினான்கு மாதம், ஒரு சொல் போட்டதில்லை. எடுக்கவேண்டியவர்களின் பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது.

குரல் செய்தி அனுப்பியிருந்தார்.

"அம்மணி, நீங்களும் வாராவாரம் கேக்கறீங்க. பதில் சொல்லாம இருக்கறது எனக்கே ஒரு மாதிரியா இருக்குதுங்க. எங்கூட்டுக்காரி போயி வர்ற தையோட ஒரு வருசமாகுது. அங்க எல்லாரும் நம்பிக்கையா எழுதிட்டிருக்கறப்ப நடுவால போயி நான் என்னத்தச் சொல்றது. வெடியால அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துருதுங்க. அவளத் திருப்பிப் படுக்க வெக்கற நேரம். இப்ப சோலி ஒண்ணுமில்ல. அவங்க எழுதறதப் படிச்சிட்டே படுத்திருப்பேன். யாரோ ரெண்டு இட்லி தின்னாங்கன்னா மனசுக்கு நல்லா இருக்குது. எழுதாதவங்க இருக்கக் கூடாதுன்னா சொல்லிப்போடுங்க. நான் போயிக்கறேன்."

இன்னொரு முறை போட்டுக் கேட்டாள்.

அவளுக்கும் ஐந்து மணிக்குத்தான் விழிப்பு வருகிறது. எழுந்து, மடித்து வைத்த கணவரின் காற்று மெத்தையைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறாள்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அலுப்புதான் வந்தது. வாயைத் திற, வாயைத் திற என்று முந்நூறு பேரின் தலையைத் தின்றிருக்கிறாள். மனைவியைப் பறிகொடுத்த மனிதரிடம் மனைவி எப்படி இருக்கிறாள் என்று வாரம் தவறாமல் கேட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

நீங்கள் எங்கேயும் போகவேண்டாம் என்று அவருக்கு எழுதத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள். அவருக்கு மட்டும் சொன்னால் போதாது.

குழுவைத் திறந்தாள்.

மைக் பொத்தானை அழுத்தினாள். அழித்துவிட்டு மறுபடி அழுத்தினாள்.

"எங்க வீட்டுக்காரர் தவறி நாப்பத்தி மூணு நாளாச்சுங்க. உங்ககிட்டச் சொல்ல எனக்குத் தைரியம் வரல."

போய்விட்டது.

 

செய்தியைக் கேட்டவர்களின் பட்டியலில் தர்மபுரிப் பெண்ணின் பெயரும் இருந்தது. 

சுகிர்தா போனில் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

குழுவில் முதல் பதில் ஒரு குரல் செய்தியாக வந்தது. இரண்டே விநாடி. நாச்சிமுத்து.

"அம்மணி, சாப்பிட்டீங்களா?"

மணி பதினொன்றரை. அடுப்பை இன்னும் பற்றவைக்கவில்லை.

இல்லீங்க, என்று எழுதினாள்.