அசையாத எலி

கூட்டுக்குள் கறுத்த எலி கம்பிகளில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தது. கூட்டுக்கு மேலிருந்த கமெரா வழியே அதைக் கண்காணித்த கணினியோ, அது ஐந்து நாளாக அசையவேயில்லை என்றது.

“என்ரை கோப்பாய் வளவிலை முளைச்ச மூலிகை எலியின்ரை பதற்றத்தை அடக்கிப்போட்டுது,” என்றார் பேராசிரியர் ஆழ்வாப்பிள்ளை. “அறிக்கையிலை கையெழுத்து வையும். உம்மடை வேலையும் நிரந்தரமாகும்.”

“சேர், எலி துள்ளுதே,” என்றாள், நாளையோடு ஒப்பந்தம் முடியவிருந்த ஆய்வுகூட உதவியாளர் ஆரபி.

“உம்மடை கண்ணை ஆர் பிள்ளை கேட்டது? கமெராவைக் கேளும்.”

ஆரபி கதிரையில் ஏறிக் கமெராவைப் பார்த்தாள். சரஸ்வதி பூசையன்று பேராசிரியர் தம் கையாலேயே வைத்த குங்குமப் பொட்டு, வில்லையின் நட்டநடுவில் காய்ந்திருந்தது. ஐந்து நாளும் கணினி எலியென்று கண்காணித்தது அதைத்தான்.

அவள் துணியை எடுத்தாள். பேராசிரியரும் எட்டிப் பார்த்தார்.

“நல்லநாளிலை வைச்ச பொட்டைப் பொம்பிளைப்பிள்ளை அழிக்கக்கூடாது,” என்று துணியை வாங்கிக்கொண்டு பேனாவை நீட்டினார்.