விசில் ஊதும்வரை

அப்பா கூடத்துத் தரையில் மல்லாந்து கிடந்தார். கண் மூடியிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடிவந்த மகன் அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். பிறகு ஆம்புலன்ஸுக்கு போன் போட்டான்.

மறுமுனையில் யாரும் எடுப்பதற்குள் அப்பாவின் மூடிய வலது கை வாய்க்குப் போனது. காதைக் கிழித்துக்கொண்டு விசில் சத்தம்.

"ஃபெயில்," என்றபடி எழுந்து உட்கார்ந்தார்.

ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தீ விபத்து ஒத்திகை நடத்தியே தலை நரைத்தவர். முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வது ஒத்திகையே இல்லை என்பது அவர் கொள்கை. கான்டீனில் பாதிச் சாப்பாட்டில் இருந்தவர்களை எழுப்பி வெயிலில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார். அங்கே ஒத்திகை விசிலில் தொடங்கும். வீட்டில் விசிலில் முடிந்தது.

எல்லாம் அம்மா போன பிறகு வந்த வினை. அம்மா கடைசியாகக் கிடந்தது ஐசியூவில். குழாயைப் பிடுங்கிவிடுவாள் என்று இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். எடுத்துவிடச் சொல்லிக் கண்ணாலேயே கெஞ்சினாள். பிள்ளைகள் இருவரும், இன்னும் ஒரு நாள் பார்க்கலாம், இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று இழுத்தடித்தார்கள்.

அதே கதி தனக்கு வரக் கூடாது என்று அப்பா லிவிங் வில் எழுதினார். இனி தேற மாட்டேன் என்று ஆகிவிட்டால் குழாய் வேண்டாம், மூச்சு மெஷின் வேண்டாம், வீட்டிலேயே விட்டுவிடுங்கள் என்று. குடும்ப டாக்டர் படித்துப் பார்த்துவிட்டு, இது நீங்கள் பேச முடியாமல் போனால்தான் செல்லும், அதுவரை உங்கள் வாய்ச்சொல்தான் என்று விளக்கினார்.

"அதெல்லாம் எங்க வீட்டுக்குச் சரிப்படாது டாக்டர்," என்றார் அப்பா. "ரெண்டு ரூல் சொன்னா ரெண்டையும் கோட்டை விட்டுடுவாங்க. ஒரே ரூல்தான் மண்டையில ஏறும்."

அந்த ஒரே ரூல், ஆம்புலன்ஸ் கூடாது. தலைக்குத் தலையணை வைக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து, ரேடியோவைச் சின்னதாக வைத்து, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அழுகிறவர்கள் அப்புறம் அழுதுகொள்ளலாம்.

இரண்டாவது ஒத்திகையில் மகள் மாட்டினாள். வேலை முடிந்து வந்தவள், சமையலறை வாசலில் அவர் சுருண்டு கிடப்பதைப் பார்த்துப் பதறாமல் தலையணை எடுத்து வந்தாள். ஜன்னல், ரேடியோ, எல்லாம் ஆயிற்று. நடுவில் அப்பா, "வலி தாங்கலம்மா, ஆம்புலன்ஸைக் கூப்பிடு," என்று முனகினார். போனை எடுத்தாள். விசில்.

"நீங்கதானேப்பா கூப்பிடச் சொன்னீங்க?"

"நானே கேட்டாலும் கூடாது. பயத்துல ஆயிரம் உளறுவேன். உங்கம்மா கேட்டதைத்தான் செய்யல. நான் கேக்குறதையும் செய்யாதீங்க, போதும்."

விசிலைத் துடைத்து வாசல் கதவோரத்து ஆணியில் மாட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல டீ கேட்டார்.

அதன்பிறகு வராந்தா, மாடிப்படி, சோபா என்று அவர் விழாத இடமில்லை. "இப்படியே போனா நமக்குதாண்ணா முதல்ல ஹார்ட் அட்டாக் வரும்," என்றாள் மகள். ஆனாலும் இருவரும் தேறிக்கொண்டுதான் வந்தார்கள். தேறினாலும் ஏதாவது ஒரு குறை சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்தார் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் வீட்டில் இருந்தார்கள். கூடத்தில் தொப்பென்று சத்தம். ஒரு காலில் மட்டும் செருப்போடு அப்பா கிடந்தார்.

"லீவு நாள்கூட விட மாட்டாரு," என்று முணுமுணுத்தபடி மகன் தலையணை எடுக்கப் போனான். மகள் ஜன்னலைத் திறந்து ரேடியோவை வைத்தாள். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, அவர் உள்ளங்கைகளைத் தங்கள் கைகளுக்குள் கோத்துக்கொண்டார்கள். இரண்டும் சில்லிட்டு ஈரமாக இருந்தன.

"தண்ணி வேற தெளிச்சிருக்காரு. மேக்கப்," என்றான் மகன்.

"ஆம்புலன்ஸ்..." என்றார் அப்பா.

மகன் சிரித்தான். "ஏமாற மாட்டோம்பா."

"நிஜமாத்தான்டா. நெஞ்சு..."

"நீங்களே கேட்டாலும் கூடாதுன்னு சொன்னது யாரு?" மகள் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். துடைக்கத் துடைக்க ஈரம் துளிர்த்தது.

அப்பா கையை உருவி மகனின் சட்டையைப் பிடித்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பிடி தானாகவே தளர்ந்தது. இவ்வளவு தத்ரூபமாக அவர் இதுவரை செய்ததில்லை. இந்தத் தடவை நூற்றுக்கு நூறு என்று மகன் தங்கையைப் பார்த்துக் கண்ணடித்தான்.

ரேடியோவில் வானிலை அறிக்கை முடிந்து பாட்டு தொடங்கியது. இருவரும் அசையாமல் விசிலுக்காகக் காத்திருந்தார்கள்.

காத்திருந்து அலுத்த மகள் தலையைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்தாள்.

"அண்ணா," என்றாள். "விசில் ஆணியிலேயே தொங்குது."