அடுத்த செமஸ்டர்

காலை பத்தரைக்கு உதவித்தொகை கவுன்ட்டர் திறந்ததும் நிறைமதி தன் மதிப்பெண்களைக் காட்டினாள். எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள்.

“மார்க்குல குறை இல்லம்மா,” என்றார் எழுத்தர். “அடுத்த செமஸ்டர்ல நீ தேற மாட்டேன்னு கம்ப்யூட்டர்ல கணிப்பு வந்திருக்கு. அதான் தொகையை நிறுத்திட்டாங்க.”

“இன்னும் பாடமே ஆரம்பிக்கலையே சார்.”

“வீட்டுல படுக்கையில விழுந்த ஆளைப் பாத்துக்க வேண்டி வருமாம். காலேஜுக்கு வர மாட்டியாம்.”

நிறைமதிக்குச் சிரிப்பு வந்தது. “வீட்டுல நானும் அம்மாவும்தான். எங்கம்மா நாலு வீட்டு வேலையை ஒண்டியா இழுத்துப் போட்டுச் செய்ற ஆளு. உங்க மெஷினுக்குத்தான் வைத்தியம் பாக்கணும்.”

“கணிப்பு தப்புன்னு காட்டினா தொகை திரும்ப வரும்,” என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். “அம்மாவுக்கு டாக்டர் சர்டிபிகேட் வாங்கிட்டு வா.”

கோபம் ஆறாமல் வீட்டுக்கு வந்தாள். அம்மா செல்லத்தாய் அடுப்படியில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள். நிறைமதி எல்லாவற்றையும் சொல்லி, “கிளம்பும்மா, சர்டிபிகேட்டை வாங்கி அந்த ஆள் முன்னால போடலாம்,” என்றாள்.

அம்மா திரும்பவில்லை. கரண்டி மட்டும் நின்றது. அது இடது கையில் இருந்தது. வலது கை சேலைத் தலைப்புக்குள் அசைவில்லாமல் தொங்கியது.

“அம்மா, எத்தனை நாளா இடது கையால கிண்டுற?”