இரண்டாவது வெடி

கடலைக்காட்டில் நரித்தொல்லை தாங்காமல் பண்ணைக்காரர் புதுத் துப்பாக்கி ஒன்று வாங்கி வந்தார். விசையை அழுத்த அழுத்தச் சுடும் ரகம். பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார்.

"ஒரு வெடி வெடித்துவிட்டு மூச்சு வாங்குவாயாமே, பெரிசு?" என்றது புதியது.

"ஆமாம். அடுத்த தோட்டாவைப் போடுவதற்குள் ஒருவாய் வெற்றிலை மென்றுவிடலாம்."

"அதற்குள் நரி ஓடிவிடாதா?"

"ஓடாது. அந்த நேரத்தில்தான் செவலை பாயும்."

சொன்ன பிறகுதான் பழையதற்கு உறைத்தது. செவலை அந்த வீட்டு நாய். ஒன்பது வருடமாக வெடிச்சத்தம் கேட்டதும் செடிக்குள் பாய்ந்து, அடிபட்ட நரியைக் கவ்வி வந்து பழக்கப்பட்டது.

"செவலை, இவன் சத்தத்துக்கு ஓடாதே. இவன் ஒன்றோடு நிற்கமாட்டான்" என்றது பழையது.

வாசலில் படுத்திருந்த செவலை சிரித்தது. "பொறாமை, மாமா உனக்கு!"

மறுநாள் பொழுது சாயும்போது பண்ணைக்காரர் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். புதியதைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். செவலை முன்னால் ஓடியது.

சுவரில் தொங்கிய பழையது காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. முதல் வெடி கேட்டது. வழக்கம்போல் செவலையின் குரைப்பு கேட்டது. குரைப்பு முடிவதற்குள் இரண்டாவது வெடி, மூன்றாவது வெடி.

பண்ணைக்காரர் தனியாகத் திரும்பி வந்து புதியதை ஆணியில் மாட்டினார்.

"எத்தனை நரி?" என்று கேட்டது பழையது.

"நரி தப்பிவிட்டது, ஐயா."

பண்ணைக்காரர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடியும் காட்டுக்குப் போனார்.