கொடுக்கிற கை

ஜமுனாமரத்தூர் சந்தைத் திடலில் தூறல் விட்டும் விடாமலும் விழுகிறது. மழையில் கூரை போனவர்களுக்குத் தலைவர் ஒருவர் மேடை போட்டுத் தார்ப்பாய் கொடுக்கிறார். அவர் முகம் போட்ட பேனரைக் கழற்றினாலே நாலு வீட்டை மூடிவிடலாம். தலைவர் முன்னால் நிற்க வேண்டுமே என்று சாந்தாமேரி கிறிஸ்துமஸ் புடவையைக் கட்டி, தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அங்கேதான் கோட்டை விட்டாள், பாவம். கேமராக்காரன் அவளை மேலும் கீழும் பார்க்கிறான். "இன்னாம்மா, கல்யாணத்துக்கா வந்துக்கீற? போட்டோவுல உன்ன ஏழைன்னு எவன் நம்புவான்?"

"வூட்டுக்குள்ள தண்ணி நிக்குது சார். வந்து பாருங்க."

"அதெல்லாம் யாரு வர்றது? பூவை எடுத்துப் போடு. இத்த மேல போத்திக்க."

அவன் நீட்டுவது மைக்செட் பெட்டியைத் துடைத்த துணி. எண்ணெய்ப் பிசுக்கும் எலி மூத்திரமுமாக நாறுகிறது. சாந்தாமேரி முகத்தைத் திருப்புகிறாள். மலைமேல் மறுபடி கறுத்துக்கொண்டு வருவதை ஒரு தடவை பார்க்கிறாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு போர்த்திக்கொள்கிறாள். தலைவர் தார்ப்பாயை நீட்டுகிறார், ஆனால் போட்டோ எடுத்து முடியும்வரை பிடியை விடுவதாயில்லை. "கொஞ்சம் அழுற மாதிரி பாரும்மா" என்கிறான் கேமராக்காரன். அவள் அழவில்லை. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு இறங்குகிறாள். வரிசையில் அடுத்து நிற்கும் ஜெப்சி என்பவள், யாரும் சொல்லாமலே, இடுப்பிலிருக்கும் குழந்தையின் புதுச் சட்டையைக் கழற்றுகிறாள், அந்தக் குளிரில்.