எடை போடாத எலி

"பிப்ரவரி 9, ஞாயிறு. பெட்டூனியாவுக்கு எலி ஒன்று. சின்னத் தவறு: எடை போட மறந்துவிட்டேன்."

மலைப்பாம்பின் சாப்பாட்டு நோட்டில் இப்படி எழுதிய பிறகும் வெண்டெலுக்குத் தூக்கம் வரவில்லை. ஃப்ரீசரில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் உறைந்து கிடக்கும் எலிகளில் ஒன்றைக்கூட, நான்கு வருடங்களில் அவன் எடை பார்க்காமல் கொடுத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை பெட்டூனியா அசையாமல் கிடந்தது. நடுவயிறு புடைத்திருந்தது. வெந்நீர்க் குளியல் போதும் என்று இணையக் குழுவில் நாற்பது பேர் சத்தியம் செய்தார்கள். அதில் ஒருவர்கூட மருத்துவர் இல்லை.

"குளியலும் வேணாம், கூத்தும் வேணாம். டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போலாம். வண்டிய நான் எடுக்கிறேன்," என்றான் அண்ணன் ராய்ஸ்.

வெண்டெலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டூனியாவை 'செருப்புத் தோல்' என்று கூப்பிடுகிறவன் ராய்ஸ். அவன் ஹீட்டர் ரிப்பேர் செய்த வீட்டில் மோதிரம் காணோம் என்று சனிக்கிழமை போலீஸ் இவர்கள் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டபோதுகூட நிதானமாகக் காபி குடித்தவன், இப்போது நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

"பாம்பு டாக்டர் கொலம்பஸ்ல இருக்கார். ரெண்டு மணி நேரம் வண்டியில குலுங்கினாலே செத்துடுவா."

"குலுங்காம ஓட்டுறேன்டா! வயித்தக் கிழிச்சு அந்த எலிய எடுக்கச் சொல்லு. ஃப்ரீசர் மூலையில இருந்த எலிதானே?"

"மூலையில இருந்ததுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ராய்ஸ் அவசரமாக வண்டிச் சாவியைத் தேடத் தொடங்கினான்.

"எலிக்குள்ள என்னத்த வெச்ச? விஷமா?"

ராய்ஸ் கொஞ்சம் யோசித்தான். "ஆமா. விஷம்தான். போதுமா? கிளம்பு!"

வெண்டெல் அழுதுகொண்டே பெட்டூனியாவைத் தலையணை உறைக்குள் விட்டு, மடியில் வைத்துக்கொண்டான். கொலம்பஸ் வரை ராய்ஸ் முட்டை வண்டி ஓட்டுகிறவன்போல் ஓட்டினான்.

ஆஸ்பத்திரியில் விஷம் என்றதும், வரவேற்பறைப் பெண் அங்குள்ள வழக்கப்படி போலீஸுக்குப் போன் செய்தாள். அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவர் வெளியே வந்தபோது, இரண்டு போலீஸ்காரர்கள் ராய்ஸுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

"பாம்பு பிழைச்சிடுச்சு," என்றார் மருத்துவர்.

"எலி?" என்றான் ராய்ஸ்.

மருத்துவர் கையிலிருந்த சின்னத் தட்டைப் போலீஸிடம் நீட்டினார்.

அன்று மாலை வெண்டெல் நோட்டை எடுத்தான்.

"பிப்ரவரி 11, செவ்வாய். பெட்டூனியாவுக்கு ஆறு தையல். எலிக்குள் விஷம் இல்லை. வைர மோதிரம் ஒன்று. போலீஸ் கொண்டுபோகும் முன் எடை போட்டுவிட்டேன், ஏழு கிராம். நாளை: காலை எட்டு மணிக்குப் பெட்டூனியாவுக்கு மருந்து, பத்து மணிக்கு ராய்ஸைப் பார்க்கச் சிறைக்கு."