இருட்டில் பிழைத்தது

விளக்குப் பெட்டியின் கதவைத் திறக்க அவனுக்குக் கை வரவில்லை.

சனிக்கிழமை மழையில் ஆய்வகத்தின் மின்சாரம் போயிருந்தது. மறுநாள் பாலத்தின் மேல் தண்ணீர். யாராலும் வர முடியவில்லை. இன்றுதான் வழி விட்டது.

உள்ளே விளக்கொளியில் வளர்ந்தது அவன் மனைவி உருவாக்கிய பாக்டீரியா. வெளிச்சத்தைத் தின்று வாழும் பச்சைக் கிருமி.

அதன் சாதாரண வகை பிழைக்கத் தெரிந்தது. வெளிச்சம் குறைந்து வளர்ச்சி தளர்ந்தால், ஆர்.என்.ஏ. செய்வதை நிறுத்திவிட்டு, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கிடக்கும்.

நிறுத்தச் சொல்லும் மரபணுவைத்தான் அவள் வெட்டி எடுத்திருந்தாள்.

அவளுடையதற்கு நிறுத்தத் தெரியாது. இருட்டிலும் ஆர்.என்.ஏ.வைச் செய்துகொண்டே இருக்கும். இருந்ததையெல்லாம் கரைத்துவிட்டு, ஒரே இரவில் வெளிறிச் செத்துப்போகும். உறையவைத்தாலும் பிழைக்காது. அந்த வகை இந்த ஒரு குடுவையில்தான் இருந்தது.

அதனால் தினமும் புதுக் கரைசலுக்கு மாற்ற வேண்டும்; ஒரு நாள் தவறினாலும் செத்துவிடும். அவள் இறந்துபோன பிறகு அவன்தான் மாற்றுகிறான். காய்ச்சலோடும் வந்திருக்கிறான்.

"மாமியார் வீட்டுக்குக்கூட இவ்ளோ ஒழுங்கா போயிருக்க மாட்டான்யா" என்பான் பக்கத்து மேசைக்காரன்.

அவளுடைய புடவைகளை அம்மா யாருக்கோ கொடுத்தபோது அவன் தடுக்கவில்லை. அதுதான் இது இருக்கிறதே.

"தள்ளுங்கண்ணா." ஜூனியர் பெண் அவனை விலக்கிவிட்டுக் கதவைத் திறந்தாள். குடுவையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "இங்க பாருங்கண்ணா! அக்காவோடதுக்கு ஒண்ணும் ஆகல. பச்சப்பசேல்னு இருக்கு!"

அவன் பார்த்தான். பச்சைப்பசேல் என்றுதான் இருந்தது.

அவளையும் பார்த்தான்.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. அவளும் இதே வேலை தெரிந்தவள்தான். சந்தோஷத்தில் மறந்துவிட்டாள். இருட்டில் பிழைத்தது அக்காவுடையதாக இருக்க முடியாது.

கண்ணுக்கு இரண்டு வகையும் ஒரே பச்சை. எதை எடுத்து ஊற்றி வைத்தாலும் அவனால் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஒரே ஒரு நாள்தான் அவன் குடுவையை இவள் பொறுப்பில் விட்டிருந்தான்.

அவள் அதைக் கீழே வைக்கவும் இல்லை, அவனிடம் நீட்டவும் இல்லை.

"அக்காவ எடுத்த அன்னிக்கு" என்றாள், "நானும் உங்க வீட்லதானண்ணா இருந்தேன்."